கைப்பேசியின் குரலை மீட்போம்

கடற்காற்று உடலுக்கு இதம், உலோகத்திற்கோ பகை. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோரத்தில் சன்னல் கம்பிகள் விரைந்து துருவேறுவதை நாம் அறிவோம். அவ்வுப்பு ஈரம் திறன்பேசியின் ஒலிபெருக்கியையும் விட்டுவைப்பதில்லை.

ஒலிபெருக்கி என்பது யாது? நிலைக்காந்தம், மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மென்தகடு ஆகியவையே அதன் முதன்மை உறுப்புகள். மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் காந்தப் புலத்தில் முன்னும் பின்னும் அசைகிறது, தகடு அதிர்கிறது, ஒலி பிறக்கிறது. 1925-இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் செம்மைப்படுத்திய முறையே இன்று விரல்நக அளவில் நம் சட்டைப்பையில் அமர்ந்துள்ளது. தகடு கிழிந்தாலோ, தொடுமுனைகளில் உப்புப் படிந்தாலோ ஒலி கரகரக்கும், அல்லது அடங்கிவிடும்.

முதற்கண் பழுதை அறிதல் வேண்டும். இயர்போனில் ஒலி தெளிவாயிருந்து, வெளியே மட்டும் கரகரத்தால் பழுது பெரும்பாலும் ஒலிபெருக்கியிலேதான். உலர்ந்த மென்தூரிகையால் அதன் துளைகளைத் துடைத்துப் பார்ப்போம். அடைத்த தூசியே காரணமாயின் அத்துடன் வேலை முடிந்தது.

முடியவில்லையெனில், செங்கல்பட்டுக் கடைவீதியில் உதிரி உறுப்பு வாங்குகையில் கைப்பேசியின் மாதிரி எண்ணை ஒப்பிட்டு வாங்குவோம். தகவல்களைப் படியெடுத்துவிட்டு, மின்கலத்தின் மின்னேற்றம் கால் பங்கிற்கும் கீழே குறைந்தபின் கருவியை அணைத்து, சிம் தட்டை நீக்குவோம். பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருப்பின் விளிம்பை மிதமாகச் சூடாக்கி, நெகிழித் தகட்டால் மெல்ல நெம்புவோம். கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் தாளில் வைப்போம். வேறெதையும் தொடுமுன் மின்கல இணைப்பை விடுவித்தல் இன்றியமையாதது. பழைய ஒலிபெருக்கியை அகற்றி, தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் புதியதைப் பொருத்துவோம். மூடியை ஒட்டுமுன் ஒலியைச் சோதித்தல் நன்று.

மின்கலம் உப்பியிருந்தால் நாம் கைவைத்தல் கூடாது. தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். திறந்த கருவி முன்போல் நீரைத் தடுக்கும் என நம்புதலும் தவறு.

2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் எச்சரிக்கை பல வீடுகளுக்குக் கைப்பேசியின் ஒலியாகவே வந்து சேர்கிறது. ஊமையான கைப்பேசி உறங்குவோரை எழுப்பாது.

அதே மாதம் 24-ஆம் நாள் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வீண்விரயம் தவிர்த்தலோ நம் மார்க்கம் முன்னரே கற்பித்த நெறி. சிற்றுறுப்பு ஒன்றின் பழுதுக்காக முழுக் கருவியையும் எறியாதிருப்போம். செப்பனிடும் அறிவை இளையோர்க்கும் வழங்குவோம்.