பூட்டு மாட்டிய பிறகே கை

மலேசியாவின் செராஸ் பகுதிப் பட்டறை ஒன்றில் மோட்டார் நின்றுவிட்டால், அவசரக்காரர் ஸ்குரூடிரைவரைத் தேடுவார். பயிற்சி பெற்றவர் முதலில் பூட்டைத் தேடுவார்.

மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார். அடுத்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதிப்பார். சோதனைக் கருவி சரியாக இயங்குகிறதா என்பதை முன்னும் பின்னும் பார்ப்பார்.

இத்தனை கவனம் ஏன்? 30 மில்லிஆம்பியர் அளவு மின்னோட்டமே மூச்சை முடக்கலாம். 13 ஆம்பியர் பிளக்கில் உள்ள ஃபியூஸ் அதற்கெல்லாம் உருகாது.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, இத்தகைய பயிற்சியைத் தருவது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம்.