வீட்டினுள் உலவும் கம்பியில்லா அலைகள்

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலைப்பொழுது, எமது ஒழுங்கையில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் தம் பேத்தியைக் கையிற் பிடித்தவண்ணம் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். சிறுமிக்கு வயது பதினொன்று. இரண்டு மாதங்களாக, மாலையானதும் அவளுக்குத் தலையிடி. அவளுடைய படிப்பு மேசைக்கு நேர் மேலே, சுவரில், பச்சை விளக்குகள் மினுங்கும் வைபைப் பெட்டி பூட்டப்பட்டிருக்கிறது.

"மாஸ்ரர், இந்தப் பெட்டி இரவு பகலாய்க் கதிர் விடுகுதாம். பிள்ளையின்ரை மூளைக்கு ஏதும் வந்திடுமோ?" என்று அவர் கேட்டார்.

பௌதிகம் கற்பிப்பவன் ஆதலால் உடனே விடை கூறிவிடலாம் என எண்ணினேன். வாய் திறந்தபோதுதான் அவ்வினா எத்துணை ஆழமானது என்பது புலனாயிற்று.

முதற் சிக்கல் 'கதிர்' என்னும் சொல்லிலேயே இருக்கிறது. எலும்பைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிரையும், காலைச் சூரியனின் ஒளியையும், வானொலி அலையையும் நாம் இந்த ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். எல்லாம் மின்காந்த அலைகளே. ஆயினும் அவை ஏந்திவரும் சக்தியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஒளியின் சக்தி சிறு சிறு சொட்டுகளாகவே வருகின்றது என்று ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டில் விளக்கினார். எக்ஸ் கதிரின் ஒரு சொட்டு, உடற் கலத்திலுள்ள அணுவிலிருந்து இலத்திரனைப் பிய்த்தெறிய வல்லது. பரம்பரையலகுகளைத் தாங்கும் மூலக்கூறு சிதைவதும், அதன்வழிப் புற்றுநோய் தோன்றுவதும் அவ்வாறுதான். வைபை அலையின் மீடிறன் 2.4 கிகாஹேட்ஸ் அளவானது. அதன் ஒரு சொட்டிலுள்ள சக்தி, இரண்டு காபன் அணுக்களைப் பிணைக்கும் கட்டை அறுக்கத் தேவையான சக்தியில் மூன்று இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சொட்டுகள் எத்தனை கோடி சேர்ந்து வந்தாலும், இந்த வகையில் அவை கட்டை அறுப்பதில்லை.

ஆனால், சூடேற்றும். 1945ஆம் ஆண்டளவில், அமெரிக்காவில் ராடர்க் கருவியின் அருகில் நின்ற பேர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகிப்போனதாகவும், அதிலிருந்தே நுண்ணலை அடுப்பு பிறந்ததாகவும் கூறுவர். அவ்வடுப்பின் அலையும் வைபையின் அலையும் ஏறத்தாழ ஒரே மீடிறன் கொண்டவை. இதனைக் கேட்டதும் பலர் திடுக்கிடுவர். அடுப்பு இரும்புப் பெட்டியினுள் எண்ணூறு, ஆயிரம் உவாற்று வலுவை அடைத்துவைத்துச் சமைக்கிறது; வைபைப் பெட்டிக்கோ இந்த மீடிறனில் ஐரோப்பிய நாடுகள் அனுமதிக்கும் உச்சம் 0.1 உவாற்றுத்தான். அதுவும் நாலாபக்கமும் சிதறிப் போகிறது. தூரம் இருமடங்கானால் செறிவு நான்கிலொன்றாகும் என்பதை மேல்வகுப்பு மாணவர் அறிவர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மீற்றர் தொலைவில் சதுர மீற்றருக்கு 0.008 உவாற்று. பொதுமக்களுக்கென 2020இல் சர்வதேச ஆணைக்குழு புதுப்பித்த வரம்போ சதுர மீற்றருக்கு 10 உவாற்று. ஆயிரம் மடங்குக்கும் மேலான இடைவெளி இருக்கிறது.

மூதாட்டி இதைக் கேட்டுத் தலையசைத்தார். ஆனால் அடுத்து அவர் கேட்டது என்னைச் சற்றே நிறுத்திவைத்தது. "ஒருநாளுக்குச் சரி, தம்பி. இருபது வருசத்துக்கு?"

இதுவே அறிஞர்களும் ஆராயும் வினா. மேற்சொன்ன வரம்பு சூட்டை அடிப்படையாகக் கொண்டது. சூடு தவிர்ந்த வேறு விளைவுகள் இலவோ? 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 47 பேருடைய காதருகே கைத்தொலைபேசியை 50 நிமிடம் வைத்துச் சோதித்தபோது, அன்ரெனாவுக்கு அண்மையிலுள்ள மூளைப் பகுதி வழமையிலும் சுமார் 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோசைப் பயன்படுத்திற்று. இது தீங்கா என்பது வேறு கேள்வி. உடல் எதையும் உணராமலே இருக்கிறது என்று மட்டும் சொல்ல இயலாது.

அதே 2011ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இவ்வலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக் கூடியவையாயிருக்கலாம்' என்னும் 2பி வகுப்பிற் சேர்த்தது. பத்திரிகைகள் இதனைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே வகுப்பில் இடம்பெற்றதை எத்தனை பேர் அறிவர்? 'இருக்கலாம்' என்பது 'உண்டு' என்பதன்று. அம்முடிவுக்கு முதன்மையான ஆதாரம், கைத்தொலைபேசியைக் காதோடு வைத்து மிக அதிகமாகப் பேசியோரைப் பற்றிய ஆய்வுகளே. வீட்டுச் சூழலில் பரவும் அலைகள் பற்றிய சான்று போதாது என்றே அக்குழு கருதிற்று.

அதன் பின்னர் மனிதரிடத்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆறுதல் தருவன. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த 'கொஸ்மோஸ்' ஆய்வு, நெடுநேரம் பேசியோரிடையே மூளைக்கட்டி கூடியதாகக் காணவில்லை என 2024இல் அறிவித்தது. எலிகள் வேறு கதை சொல்லின. அமெரிக்க அரசின் ஆய்வுத் திட்டமொன்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 மணிநேரமாக இரண்டாண்டுகள் அலையில் வைக்கப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில், நரம்புறையிலிருந்து தோன்றும் ஒருவகைக் கட்டி கூடியிருந்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. வியப்பு யாதெனில், அலை படாத எலிகளைவிட அவ்வெலிகள் நீண்டநாள் வாழ்ந்தன. மிகக் கூடிய அளவு அலை பெற்றவற்றின் உடல் முழுவதும் ஏற்ற அளவு, பொதுமக்களுக்கு அனுமதித்ததிலும் 75 மடங்கு. ஆகவே அதனை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்துதல் ஆகாது. குப்பையில் எறிதலும் ஆகாது. என் மனம் இந்த இடத்தில் முற்றாக அமைதியடையவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

குழந்தைகள் விடயத்தில் பிரான்சு நாடு ஒருபடி முந்திற்று. 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குழந்தைக் காப்பகங்களில் மூன்று வயதுக்குட்பட்டோர் உறங்கும், விளையாடும் இடங்களில் வைபை வைத்தல் ஆகாது. தீங்கு நிரூபிக்கப்பட்டதனாலன்று, செலவற்ற முன்னெச்சரிக்கை என்பதனால். என் கண்ணுக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. ஆயினும், பெட்டியைத் தூர வைத்துவிட்டுத் தொலைபேசியைத் தலையணைக்கீழ் வைத்துறங்கும் பெற்றோரைக் காணும்போது சிரிப்பு வருகின்றது. உடலோடு ஒட்டிய கருவியே உடலுக்குக் கூடுதலான அலையைத் தருவது.

இனித் தலையிடிக்கு வருவோம். அலைகளால் தமக்குத் தலைவலியும் உறக்கமின்மையும் வருவதாகக் கூறுவோரைக் கொண்டு, அலை எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்பதை அவர்களுக்கும் சோதிப்போருக்கும் தெரிவிக்காமல் பல நாடுகளிற் பரீட்சித்திருக்கின்றனர். இத்தகைய 46 பரிசோதனைகளை, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றியவற்றை, இலண்டன் ஆய்வாளர் 2010இல் ஒருங்கே நோக்கினர். அலை இல்லாத வேளையிலும், 'இருக்கிறது' என்று நம்பியவர்க்குத் தலை வலித்தது. வலி பொய்யன்று, காரணம் வேறு.

ஆகையால் மூதாட்டியிடம் நான் வேண்டியது ஒன்றே: பெட்டியை விரும்பிய இடத்துக்கு மாற்றுங்கள், ஆனால் மாற்றிவிட்டோம் என்று வைத்தியரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் கண்வைத்தியர் சிறுமியைப் பார்த்தார். கரும்பலகை எழுத்து அவளுக்கு ஓராண்டாகவே மங்கலாகத் தெரிந்திருக்கிறது. வாய் திறந்து சொல்ல வெட்கம்.

இப்போது அவள் மூக்குக்கண்ணாடியோடு பாடசாலை போகிறாள், தலையிடி நின்றுவிட்டது. பெட்டி முன்னறை அலுமாரியின் மேல் ஏறியிருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மூதாட்டி அதன் சுவிச்சை அணைக்கத் தவறுவதில்லை. கதிருக்குப் பயந்தா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, பெட்டி நிண்டாத்தான் பிள்ளையள் நித்திரைக்குப் போகுதுகள்" என்றார்.