பொட்டாசியம் எகிறினால் இதயம் நிற்கும்: சிறுநீரக நோயாளிகள் கவனத்துக்கு

இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் ‘லோ சோடியம்’ உப்பு பலருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு பற்றிய தன் பரிந்துரை பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

இதயத்துக்குள் நடப்பது என்ன?

செல்சவ்வில் உள்ள புரதப் பம்பு ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதை 1957இல் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ, 1997இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பம்பின் உழைப்பால் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது, இரத்தத்திலோ 3.5 முதல் 5 வரைதான். உள்ளே மிகுந்திருக்கும் பொட்டாசியம் சவ்வின் துளைகள் வழியே கசியும்போது நேர்மின்னூட்டமும் கூடவே வெளியேறுகிறது. அதனால் ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட் ஆகிறது. சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்ததும் அது நேர்மின்னழுத்தமாக மாறுகிறது. இந்தத் தசைச் செல்லின் ஒவ்வொரு சுருக்கமும் இப்படித்தான் தொடங்குகிறது.

சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். செல்லிலிருந்து கசிவது குறையும். மைனஸ் 90 என்ற நிலை தளரும். சோடியம் வாயில்கள் முடங்கும். இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக எழும்பும்; முற்றினால் இதயம் நின்றுவிடும். பலருக்கு முன்னறிகுறியே தெரியாது.

எதில் கவனம் வேண்டும்?

● உப்புப் பாக்கெட்டில் ‘பொட்டாசியம் குளோரைடு’ இருக்கிறதா என்று பாருங்கள்.

● இளநீர், வாழைப்பழம், கீரை, தக்காளி எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

● எனலாப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள்.

● டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள்.

உடனடித் தீர்வு

கைகால் தளர்ச்சி, படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தால் 108ஐ அழையுங்கள். சிறுநீரக நோயாளி என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஊசி சில நிமிடங்களில் இதயத்துக்குப் பாதுகாப்புத் தரும். குளுக்கோஸுடன் தரும் இன்சுலின், பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும். தேவைப்பட்டால் டயாலிசிஸ் அதை உடலை விட்டே அகற்றும்.

உங்கள் உரிமைகள்

அரசு, தனியார் எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் உண்டு. சிகிச்சையில் குறைபாடு இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கிரியாட்டினினோடு நிறுத்திவிடாமல், “என் பொட்டாசியம் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.