பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியோருக்கு முதல் 30 நாள்கள் ஏன் முக்கியம்? பராமரிப்பும் பழக்கமும் குறித்த விளக்கம்

பெங்களூரு: பெங்களூருவில் தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளுள் ஒன்று அல்சூர். ஏரிக்கரை அருகே 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையில் தொடங்கி, சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்கள் வரை வீட்டு வாசல்களில் வரிசையாக நிற்பவை இருசக்கர வாகனங்களே. அவற்றுள் கைமாறி வந்த வண்டிகளும் உண்டு. புதிய வண்டிக்கான தொகை கையில் இல்லாதவர்களுக்கும், முதன்முறையாக வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் பழைய மோட்டார் சைக்கிளே எட்டக்கூடிய வாய்ப்பாக இருக்கிறது.

விலை பேசி, சாவியை வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அடுத்த 30 நாள்களே அந்த வண்டி பாதுகாப்பானதா, சட்டப்படி வாங்கியவருக்கு உரியதா என்பதைத் தீர்மானிக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சுமார் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தேய்ந்த டயரும், பிடிக்காத பிரேக்கும், பழகாத கைகளும் ஒன்றுசேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

முதல் நாள்: எண்களும் ஆவணங்களும்

வண்டியின் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண் தேய்க்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால் அந்த வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைக் கொடுத்து, பதிவு, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் காலாவதித் தேதிகளைச் சரிபார்க்கலாம். செலுத்தப்படாத போக்குவரத்து அபராதம் உள்ளதா என்பதையும், கடனுக்கான அடமானக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

வண்டியின் வயதை அறியச் சில எளிய அடையாளங்களும் உள்ளன. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போது முகப்பு விளக்கு தானாகவே எரியும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் குறைந்தவற்றில் இரு சக்கரங்களையும் இணைத்துப் பிடிக்கும் கூட்டு பிரேக்காவது இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தது. விற்பவர் சொல்லும் ஆண்டுக்கும் இந்த அடையாளங்களுக்கும் பொருத்தமில்லையெனில், மேலும் விசாரிக்க வேண்டும்.

பெயர் மாற்றம்: 30 நாள் கெடு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்கப்படும் வண்டியின் உரிமை மாற்றத்தை விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் பெற்றுக்கொண்டு, மாதக்கணக்கில் பழைய உரிமையாளர் பெயரிலேயே வண்டியை ஓட்டுவது இரு தரப்பினருக்கும் சிக்கலைத் தரும்.

நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது. பெயர் மாற்றப்படாமலேயே பலரிடம் கைமாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கு அது. பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே உரியது என்றும் நீதிமன்றம் கூறியது. ஆகவே விற்பவரும் பெயர் மாற்றத்தைக் கேட்டு உறுதிசெய்வது அவரது நலனுக்கே நல்லது.

காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு, பாலிசி பெயர் மாற்றப்பட்ட பின்னரே வாங்கியவருக்குக் கிடைக்கும். இதற்கு 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராததற்கான சலுகை பழைய உரிமையாளருக்கே உரியது. அது வண்டியோடு சேர்ந்து வராது.

அல்சூர் போன்ற பகுதிகளில் இன்னொரு சூழ்நிலையும் எழலாம். ஓசூரிலோ வேறு தமிழக ஊர்களிலோ உள்ள உறவினரிடமிருந்து தமிழகப் பதிவெண் கொண்ட வண்டியை வாங்கி வருவோர் உண்டு. அவ்வாறு வந்த வண்டி 12 மாதங்களுக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால், புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு முதலில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். கர்நாடகத்தில் செலுத்த வேண்டிய வரியையும் கணக்கில் சேர்த்த பிறகே அந்த வண்டி மலிவானதா என்று முடிவு செய்யலாம்.

முதல் வாரம்: பழைய கணக்கை மறந்துவிடுங்கள்

கிலோமீட்டர் கணக்கு காட்டும் எண்ணை முழுமையாக நம்ப இயலாது. அதை மாற்றிவிட முடியும் என்பது ஒருபுறம். மறுபுறம், கேபிள் அறுந்து பல மாதங்கள் ஓடாமலே இருந்திருக்கலாம். கால்மிதிகளின் ரப்பர், கைப்பிடி, பிரேக் பெடல் ஆகியவற்றின் தேய்மானம் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். சர்வீஸ் ரசீதுகள் கையில் இல்லையெனில், எந்தப் பராமரிப்பும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்வதே பாதுகாப்பு.

முதலில் மாற்ற வேண்டியது என்ஜின் ஆயில். வெளியேற்றப்படும் பழைய ஆயிலைக் கவனிப்பது நல்ல பரிசோதனையும் ஆகும். கறுத்திருப்பது இயல்பு. பளபளக்கும் உலோகத் துகள்கள் தென்பட்டாலோ, பால் கலந்ததுபோல் இருந்தாலோ என்ஜினைத் திறந்து பார்க்க நேரிடலாம். வண்டிக்குரிய கையேடு குறிப்பிடும் தரத்திலும் அளவிலும் மட்டுமே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். கெட்டியான ஆயில் என்ஜினைப் பாதுகாக்கும் என்று எண்ணித் தரத்தை மாற்றுவது தவறு.

புகையின் நிறமும் ஒரு குறிப்பு. என்ஜின் சூடான பின்னும் நீலப் புகை தொடர்ந்தால், ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகச் செல்கிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு சீராக நடக்கிறது எனலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் மைலேஜும் குறையும், கரும்புகையும் வரும். பேட்டரி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட் அளவுக்கு உயர வேண்டும். உயரவில்லையெனில் குறை பேட்டரியில் அல்லாமல் சார்ஜ் ஆகும் பகுதியில் இருக்கக்கூடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தற்போது நாடு முழுவதும் பரவலாக விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பாதிக்கக்கூடும். எனவே பெட்ரோல் குழாயில் வெடிப்போ கசிவோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உயிர் காக்கும் மூன்று: டயர், பிரேக், செயின்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பார்வைக்குப் பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், வயதான ரப்பர் இறுகி, மழையில் பிடிமானத்தை இழக்கும். பள்ளங்களுக்கு இடையே உள்ள தேய்மான அடையாள மேடு டயரின் மேற்பரப்புக்குச் சமமாகிவிட்டால் உடனே மாற்ற வேண்டும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, வாரம் ஒருமுறையேனும் சரிபார்ப்பது நல்லது.

டிரம் பிரேக்கில் சக்கரத்தின் அருகே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. டிஸ்க் பிரேக்கில் பேடின் நடுவே உள்ள பள்ளம் மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியாவிட்டால் உடனே மாற்றி, பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவரலாம்.

செயினின் தளர்வு பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். துல்லியமான அளவைக் கையேடு சொல்லும். மிகவும் இறுக்கமான செயின் பேரிங்கைக் கெடுக்கும். தளர்ந்த செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நனைந்த ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் இட வேண்டும். ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால், தேய்ந்த பற்கள் புதிய செயினையும் விரைவில் கெடுத்துவிடும்.

பழகுதல்: கைக்கும் காலுக்கும் புதிய பாடம்

பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவருக்கும் கைமாறி வந்த வண்டி புதியதே. மிகவும் கவனிக்க வேண்டியது கியர் முறை. ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் நான்கு கியர்களும் முன்பக்கம் மிதித்தே ஏறும். ஐந்து கியர் கொண்ட பல வண்டிகளில் முதல் கியர் கீழேயும், மற்றவை மேலேயும் இருக்கும். முதல் வகையில் பழகியவர் இரண்டாம் வகை வண்டியில் வேகமாகச் செல்லும்போது பழக்கத்தில் முன்பக்கம் மிதித்தால், கியர் ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடும். பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளவும் கூடும். பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் கியர் வலது காலிலும் பின் பிரேக் இடது காலிலும் இருக்கும். மைசூருவில் தயாரான பழைய எஸ்டி வண்டிகளில் கியர் நெம்புகோலே கிக்கராகவும் பயன்படும். இத்தகைய வண்டிகளில் நெருக்கடியான நேரத்தில் கால் எங்கே செல்கிறது என்பதே விபத்தைத் தீர்மானிக்கும்.

எனவே முதல் சில நாள்கள் போக்குவரத்து குறைந்த அதிகாலையில், காலியான நேர்ச்சாலையில் பயிற்சி செய்வது நல்லது. மெதுவான வேகத்தில் தொடங்கி, இரு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கி நகர்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உண்டு. அதைக் கண்டு அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் நம்புவோரின் வண்டி நிற்க அதிகத் தொலைவு எடுத்துக்கொள்ளும். ஏபிஎஸ் வண்டியில் அவசரமாக நிறுத்தும்போது பிரேக் பிடி துடிப்பதுபோல் உணரப்படும். அது கோளாறு அல்ல; பிடியை விடாமல் அழுத்த வேண்டும்.

புதிதாகப் போட்ட டயரும் பிரேக் ஷூவும் தொடக்கத்தில் முழுப் பிடிமானம் தருவதில்லை. முதல் 100, 150 கிலோமீட்டர் வரை திடீர்த் திருப்பங்களைத் தவிர்ப்பது நல்லது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் அமைந்த பெங்களூருவில் காலைக் குளிரும் உண்டு. கார்புரேட்டர் வண்டியைச் சோக் இழுத்துக் கிளப்பி, சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டுப் புறப்படுவது என்ஜினுக்கு நன்மை தரும்.

நெரிசலில் தேயும் வண்டி

அல்சூரிலிருந்து டிரினிட்டி சந்திப்புக்கோ பழைய மதராஸ் சாலைக்கோ செல்லும் தொலைவு குறைவு. ஆனால் நெரிசல் நேரத்தில் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். இத்தகைய பயணத்தில் கிலோமீட்டர் கணக்கு மெதுவாகவே ஏறும். என்ஜினோ நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்சும் பிரேக்கும் நொடிக்கு நொடி பயன்படும். ஆதலால் நகர வாகனங்களுக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துச் சர்வீஸ் செய்வது போதாது. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரு கெடுக்கள் இருந்தால், முதலில் வருவதையே பின்பற்ற வேண்டும். கிளட்ச் பிடியைப் பாதி அழுத்தியவாறே ஊர்ந்து செல்லும் பழக்கம் கிளட்ச் தட்டுகளை விரைவில் எரித்துவிடும். நீண்ட நேரம் நிற்கும்போது நியூட்ரலில் வைப்பதே நல்லது.

30-ஆம் நாளில் சரிபார்க்க வேண்டியவை

ஒரு சிறு குறிப்பேடு இந்த முதல் மாதத்தில் பெரிதும் உதவும். ஆயில் மாற்றிய நாள், மாற்றிய பாகங்கள், நிரப்பிய பெட்ரோலின் அளவு, ஓடிய தொலைவு ஆகியவற்றை எழுதி வைத்தால், மைலேஜ் திடீரெனக் குறைவதையும் ஆயில் அளவு இறங்குவதையும் உடனே கண்டறியலாம். மாத இறுதியில் ஆயில் அளவு, செயின் தளர்வு, நட்டுகளின் இறுக்கம், முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு ஆகியவற்றை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வண்டி வாங்க ஒதுக்கும் தொகை முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை டயர், பிரேக், செயின் செலவுக்கும் பெயர் மாற்றக் கட்டணத்துக்கும் தனியே எடுத்து வைப்பது அறிவுடைமை. ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற தலைக்கவசம் தேவை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 30-ஆம் நாளில் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ஒப்புகையும், வண்டியில் எதை எப்போது மாற்றினோம் என்ற குறிப்பும் கையில் இருந்தால், அந்தப் பழைய வண்டியை அச்சமின்றி அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாம்.