கட்டியங்காரன் கையில் சோப்பு

சோப்புப் போட்டுக் கை கழுவுவதன் பலனை இனி யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், சோப்புக் கொடுத்துப் பழக்கிய வீடுகளில் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆனால் இதை மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? செஞ்சி வட்டார அங்கன்வாடிகளுக்குச் சுவரொட்டியைவிட நல்ல ஆசான் அந்த ஊர்க் கூத்திலேயே இருக்கிறான் என்பது என் கட்சி. மேலச்சேரி திரௌபதி அம்மனைக் கொண்டாடும் மண் அது. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பாட்டி மடியில் தூங்கி வழியும் பிள்ளைகூட, ராஜாக்களின் வருகையை அறிவிக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்ததும் எழுந்து உட்காரும். சோறு வைக்குமுன் டீச்சரே கட்டியங்காரனாகி, “விரலிடுக்கு ராஜா வருகிறார், நகக்கண் ராஜா வருகிறார்” என்று ஒவ்வொருவராக அழைத்தால், தேய்க்க வேண்டிய 20 நொடியும் தானே ஓடிவிடும்.

கிருமியைப் பற்றிய பிரசங்கத்தால் பழக்கம் வருவதில்லை. பக்கத்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் 2011-ல் ‘சூப்பர் அம்மா’ என்ற பிரசாரத்தைச் சோதித்தார்கள். நோயைச் சொல்லிப் பயமுறுத்தாமல், தாய்ப்பாசத்தையும் அருவருப்பையும் கதையாக, நாடகமாகக் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கழுவ வேண்டிய வேளைகளில் சோப்புப் போட்டது பிரசாரம் நடந்த ஊர்களில் 37 சதவீதம். நடக்காத ஊர்களில் 6 சதவீதம். சொந்த மரபின் கதைக்கு இழுக்கும் சக்தி உண்டு: அலாஸ்காவின் ட்லிங்கிட் பழங்குடியினரும் அண்டங்காக்கைக் கதைகளைப் புத்தகமாக்கித்தான் மழலைகளைப் படிப்பின் பக்கம் இழுக்கிறார்கள்.

வெளியே போய்வந்தால் கைகால் கழுவும் நம் மரபே போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தக் கழுவலில் சோப்பு இல்லை. சாப்பிட்ட பின் இருக்கும் அக்கறை சாப்பிடுமுன் இல்லை. மல்லாட்டை உரித்த நகக்கண்ணின் செம்மண் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் போகாது. எண்ணெயில் குழைத்த அடுப்புக்கரியை உள்ளங்கையில் தடவி, முதலில் வெறும் தண்ணீரிலும் பிறகு சோப்பாலும் கழுவச் சொன்னால் பிள்ளைக்கே விளங்கிவிடும். மரபின் குரலை வாங்கிக்கொண்டு, அதில் இல்லாததைச் சேர்க்கச் சொல்கிறேன்.

தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் கூத்து எதற்கு என்பது இன்னும் நியாயமான கேள்வி. செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலின் மாடிவரை குழாயில் நீர் ஏற்றிய ஊரில், பிள்ளையின் இடுப்புயரத்தில் ஒரு குழாய் வைக்க முடியாதா? அங்கன்வாடியைத் தாண்டினாலும் இதே தேவை உண்டு: சத்துணவோடு 2022 முதல் காலை உணவும் சேர்ந்ததால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளியிலேயே நாளுக்கு இருவேளை சாப்பிடுகிறார்கள். அரிசி, பருப்பு எழுதும் அதே கணக்கில் சோப்புக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.