வீட்டின் விலையில் சேராத தூரம்

சென்னை புளியந்தோப்பின் கே.பி. பார்க்கில் குடிசை மாற்று வாரியத்தின் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு ஒன்பது தளங்களில் புதிய வீடுகளைக் கட்டினார்கள். முதல் கட்டத்தில் 864 வீடுகள். செலவு சுமார் 112 கோடி ரூபாய். கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று 2021 ஆகஸ்டில் அங்கிருந்த மக்கள் காட்டிய பிறகுதான் அந்த இடத்தின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். கட்டுமானத் தரம் பெரிய விஷயம், அதைத் தனியே எழுத வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது தொகையை மட்டும்.

112 கோடியை 864-ஆல் வகுத்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 13 லட்சம் வருகிறது. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் இத்தகைய அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு மத்திய அரசு தந்துவந்த பங்கு 1.5 லட்சம், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. குடும்பங்களிடம் கேட்கப்பட்டது இன்னொரு 1.5 லட்சம். மீதி 10 லட்சம் மாநிலத்தின் தலையில் விழுகிறது. நிலம் வாரியத்துடையது என்பதால் அதன் விலை இந்தக் கணக்கில் இல்லை.

நிலத்தின் விலை கணக்கில் ஏறாதவரை, புளியந்தோப்பில் கட்டினாலும் நகரின் தெற்கு எல்லையிலுள்ள பெரும்பாக்கத்தில் கட்டினாலும் ஒரு வீட்டின் செலவு காகிதத்தில் பெரிதாக மாறாது. அதே சிமென்ட், அதே கம்பி, அதே கொத்தனார் கூலி. ஆனால் நகரத்துக்குள் இருக்கும் நிலத்துக்குப் போட்டி அதிகம். நகரத்துக்கு வெளியே ஏக்கர் கணக்கில் ஒரே துண்டாகக் கிடைக்கும். அதனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சென்னையின் ஏழைகளுக்குக் கட்டப்பட்ட மிகப் பெரிய குடியிருப்புகள் மூன்றும் தெற்கு எல்லையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே எழுந்தன. கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்துக்குத் திட்டமிடப்பட்டவை 23,864. கூட்டினால் 46,284. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 1.85 லட்சம் மக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநகரின் 46.5 லட்சம் மக்களில் 13.4 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அந்தத் தொகையில் ஏழில் ஒரு பங்குக்குச் சமமான கூட்டத்துக்கு நகரத்தின் விளிம்பில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தில் கொள்கை இப்படி இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970-இல் உருவானது. 1971-இல் எடுத்த கணக்கெடுப்பு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளையும் சுமார் 1.64 லட்சம் குடும்பங்களையும் பதிவு செய்தது. ஏழே ஆண்டுகளில் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அன்றைக்கு இருந்தது. அது நடக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கட்டப்பட்ட நான்கு தள வீடுகள் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே, மெரினா ஓரத்திலும் வடசென்னையிலும் எழுந்தன. மீனவர் கடலைவிட்டுப் போகவில்லை, துறைமுகக் கூலி துறைமுகத்தைவிட்டுப் போகவில்லை. இடம்பெயர்ப்பதே வழக்கமான வேலையாக மாறியது 2000-க்குப் பிறகு. கண்ணகி நகரின் ஆரம்பகால வீடுகளில் 200 சதுர அடிக்கும் குறைவானவை உண்டு. பாய் விரித்தால் கதவைத் திறக்க யோசிக்க வேண்டிய அளவு அது.

இனி, வாரியத்தின் ஏட்டை மூடிவிட்டு ஒரு குடும்பத்தின் ஏட்டைத் திறப்போம்.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் காலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மதியம் தன் வீட்டுக்கு நடந்து வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, மாலையில் மூன்றாவது வீட்டுக்குப் போகும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினால் அதே வேலைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைப்போம். மாதம் 26 வேலைநாளில் 78 மணி நேரம் வழியிலேயே கழியும். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் கிட்டத்தட்ட பத்து நாள். மதியம் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது என்பதால் மாலை வீட்டு வேலை கையைவிட்டுப் போகும். அந்த இழப்பை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு வெறும் 50 ரூபாய் மதிப்பு வைத்தாலும் 78 மணிக்கு 3,900 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 46,800. இருபது ஆண்டுக்கு 9,36,000. பதின்மூன்று லட்ச ரூபாய் வீட்டைப் பெற்றுக்கொள்ளும் குடும்பம், சம்பாதிக்கும் ஒரே ஒருவரின் நேரமாக மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் திருப்பிக் கட்டுகிறது. வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் கட்டுவது 18.72 லட்சம். வீட்டின் விலையைத் தாண்டிவிட்டது.

மூன்று குடியிருப்புகளுக்கும் இதை விரித்துப் பார்த்தால், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில், ஆண்டுக்கு 216 கோடி ரூபாய். கே.பி. பார்க்கின் முதல் கட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டக்கூடிய தொகை. எல்லோரும் இவ்வளவு தூரம் போவதில்லை என்பது உண்மை. கண்ணகி நகர் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியது. அங்குள்ள ஐ.டி. கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை பிடித்தவர்கள் நிறைய உண்டு. எனவே 216 கோடியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் 108 கோடி, ஒவ்வோர் ஆண்டும்.

இதற்கு ஈடாக அரசு தருவது என்ன? வீடு மாறும் செலவுக்கு 5,000 ரூபாய். பிழைப்பூதியமாக மாதம் 2,500 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 30,000. முதல் ஆண்டிலேயே 46,800-க்கு முன்னால் இது போதவில்லை. இரண்டாம் ஆண்டில் ஊதியம் நின்றுவிடுகிறது, தூரம் அப்படியே இருக்கிறது.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டிய ஒன்று வீட்டு வசதித் துறையிலிருந்து வரவில்லை, போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில் இதனால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஆண்டுக்கு 10,656 ரூபாய். விளிம்புக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய நிவாரணம் இது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் டிக்கெட் காசு மிச்சமாகுமே தவிர 78 மணி நேரம் குறையாது. ஆண்களுக்கு டிக்கெட்டும் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு.

பற்றுப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. பெரும்பாக்கம் கட்டடங்கள் எட்டுத் தளம் கொண்டவை, லிப்ட் இல்லாமல் நடக்காது. லிப்ட் உள்ள கட்டடங்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 750 ரூபாய் என்று வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 9,000. குடிசையில் இருந்தபோது இந்தச் செலவே கிடையாது. லிப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டும். மீன் கூடையையும் தள்ளுவண்டியையும் வாசலில் வைத்துத் தொழில் செய்தவர்களுக்கு வாசலே இல்லாமல் போயிற்று. இட்லிக் கடை போட்ட அக்கா அடுப்பை எந்த மாடியில் வைப்பார்?

இப்போது நாட்டுக் கணக்குக்கு வருவோம். கொள்கை எங்கே வழி மாறுகிறது என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட மத்திய அரசு அமைத்த, அமிதாப் குண்டு தலைமையிலான குழு 2012-இல் சொன்ன எண் 1 கோடியே 87.8 லட்சம். மேடையில் பேசுபவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள். வீடே இல்லாதவர்கள் 5.3 லட்சம். சரிசெய்ய முடியாத கச்சா வீடுகள் 9.9 லட்சம். பழசாகிப் பயன்பாட்டுக்கு லாயக்கற்றவை 22.7 லட்சம். மீதி 1 கோடியே 49.9 லட்சம் இடநெருக்கடி! தம்பதிக்கென்று ஒரு தனி அறை இல்லாமல் வாழும் குடும்பங்கள் இவை. பற்றாக்குறையில் இது 80 சதவீதம். அவர்களுக்குத் தேவைப்படுவது இருக்கும் இடத்தில் இன்னோர் அறை, அந்த இடத்துக்கு ஒரு பட்டா, கழிப்பறை, குழாய், கழிவுநீர் இணைப்பு. மாநகரத்தின் மறுகோடியில் ஒரு பிளாட் கேட்டவர்கள் அல்ல அவர்கள். அந்தப் பற்றாக்குறையில் 96 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களும் குறைந்த வருவாய்க் குடும்பங்களும். அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.1 கோடி.

2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் அனுமதிக்கப்பட்டவை சுமார் 1.18 கோடி வீடுகள். குடிசைப் பகுதியை இருக்கும் இடத்திலேயே மாற்றிக் கட்டும் பிரிவுக்கு இதில் கிடைத்தது 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பிரிவுக்கு வீடொன்றுக்கு மத்திய உதவி 1 லட்சம், அடுக்குமாடி வீட்டுப் பிரிவுக்கு 1.5 லட்சம். கடினமான வேலைக்குக் குறைந்த பணம் வைத்தால் யார் அதை எடுத்துச் செய்வார்கள்?

வேறு நாடுகளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. மெக்சிகோ தொழிலாளர் வீட்டு நிதியைக் கொண்டு நகரங்களுக்கு வெகு தொலைவில் லட்சக்கணக்கில் வீடுகளைக் கட்ட ஊக்கம் கொடுத்தது. 2010 கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஆளில்லாத வீடுகள் சுமார் 50 லட்சம். சிலி நாட்டின் இகீகே நகரில் வேறு விதமாகச் செய்தார்கள். நகர நடுவில் அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டாக ஆக்கிரமித்து வாழ்ந்த சுமார் நூறு குடும்பங்கள். நிலம், சாலை, குழாய், வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். நிலத்தின் விலையோ ஏழைகள் வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு. கட்டடக் கலைஞர் அலஹாந்த்ரோ அராவேனாவின் குழு அதே நிலத்தை வாங்கியது. மிஞ்சிய பணத்தில் 36 சதுர மீட்டரில் பாதி வீடு கட்டியது. சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச்சுவர் போன்ற ஏழையால் தனியாகச் செய்ய முடியாத பாதி அது. மறுபாதிக்கு இடம் விட்டார்கள், குடும்பங்கள் 72 சதுர மீட்டர் வரை தாங்களே கட்டிக்கொண்டன. 2004-இல் முடிந்த அந்தத் திட்டத்தில் வீட்டின் அளவைக் குறைத்தார்கள், இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நாம் இதை சிலியிடம் கற்க வேண்டியதில்லை. 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு மனைகளைப் பிரித்துக் கொடுத்தது. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, சின்ன மனைகளின் விலையைக் குறைத்தது. குடும்பங்கள் முதலில் ஓலை, பிறகு ஓடு, பிறகு தளம் என்று கைக்குக் காசு வந்தபோதெல்லாம் கட்டின. தொண்ணூறுகளில் அந்த வழியைத் தோல்வி என்று கைவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து மும்பையிலும் சென்னையிலும் இத்தகைய 15 இடங்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அவை வாழத்தக்க, பலதரப்பு மக்களும் கலந்து வாழும் பகுதிகளாக வளர்ந்துவிட்டதைக் கண்டார்கள்.

ஆற்றோரக் குடிசைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூவம் சீரமைப்புக்காக மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றத் திட்டமிட்டார்கள். வெள்ளம் புகும் இடத்தில் யாரும் வாழக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர்களை ஏற்றிக்கொண்டு போன இடம் சதுப்பு நிலத்தின் ஓரம். ஒவ்வொரு பெருமழையிலும் செம்மஞ்சேரித் தெருக்களில் படகு விடும் படங்கள் பத்திரிகையில் வருகின்றன.

பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவிட்டது. இலக்கு இன்னும் 1 கோடி வீடுகள். அதில் உங்கள் நகரத்துக்கு ஒரு திட்டம் வரும்போது கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மூன்று எண்களைக் கேளுங்கள்: பழைய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், குடும்பத்துக்கு மாதம் எத்தனை மணி நேரம், இருபது ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய். இந்த மூன்றும் இல்லாத திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் தரக் கூடாது.