வாணத்தில் ஏறிய தபால்

சலங்கை கட்டிய ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டு வழியில் ஓடிய பழைய அஞ்சற்காரன் முதல், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும் இன்றைய தபால்காரர் வரையில், கடிதம் சுமப்பது என்பது பொறுமையையும் கால்பலத்தையும் நம்பிய ஒரு சாதுவான தொழிலாகவே நமக்குத் தோன்றி வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சாதுவான தொழிலின் சரித்திரத்தில், அரக்கு முத்திரை வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டிய கட்டுகளை வெடிமருந்துக் குழாயின் தலையில் ஏற்றி, திரிக்கு நெருப்பும் வைத்துவிட்டு, அவை வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு அக்கரையில் ஆளையும் நிறுத்தி வைத்த சில மனிதர்களின் விருத்தாந்தம் ஒன்று உண்டு. ராக்கெட் தபால் என்று அதற்குப் பெயர்.

யோசனை பழையதுதான். ஜெர்மானிய எழுத்தாளரான ஹைன்ரிக் ஃபான் கிளைஸ்ட் 1810-ஆம் வருஷம், பெர்லினில் தாம் நடத்திவந்த பத்திரிகையில், கடிதங்களை உள்ளே வெற்றிடமான குண்டுகளில் அடைத்துப் பீரங்கியால் சுட வேண்டும் என்றும், குண்டு விழுகிற இடத்தில் அடுத்த பீரங்கி காத்திருந்து, அவ்வூர்க் கடிதங்களை எடுத்துக்கொண்டு மீதியை மேலே சுட வேண்டும் என்றும் ஒரு திட்டம் எழுதினார். வேகத்தின்மேல் மோகம் கொண்டவர்களைப் பரிகாசம் செய்யவே அவர் அதை எழுதினார். நூற்றிருபது வருஷங்கள் கழித்து வந்தவர்கள் பரிகாசத்தை விட்டுவிட்டுத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வாணம் நமக்குப் புதிய வஸ்து அன்று. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி எரிந்ததற்கு மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் வாணங்களே காரணம் என்று சொல்லப்படுகிறது. அந்த வாணத்துக்கும் தபால் வாணத்துக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. குழாய்க்குள் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த மருந்தைக் கெட்டிப்பாக இடித்து நிரப்பி, அடியில் ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். மருந்து எரிந்து உண்டாகும் வாயு அந்தத் துவாரத்தின் வழியே பின்னால் பீறிட, குழாய் முன்னால் தள்ளப்படுகிறது. மருந்து ஒரே கட்டியாக இறுகியிருக்கும் வரையில் தீ அதன் மேற்பரப்பை மட்டும் பற்றி ஒழுங்காக எரிந்துகொண்டு போகும். எங்கேனும் ஒரு விரிசலோ, இடிக்கும்போது விட்டுப்போன ஒரு காற்றிடமோ இருந்துவிட்டால், தீ அதற்குள்ளும் புகுந்து, எரிகிற பரப்பு கணப்பொழுதில் பெருகி, அத்தனை வாயுவும் அந்தச் சிறு துவாரத்தால் வெளியேற முடியாமல் குழாயையே பிளந்துவிடும். அதுவரையில் வாகனமாக இருந்தது அந்த க்ஷணத்தில் வெடிகுண்டாகிவிடுகிறது.

வெடிக்காமல் போனாலும் சங்கடம் தீர்ந்தபாடில்லை. தலையில் ஏற்றும் பாரம் அளவோடு இருந்தால், அம்பின் முனைக் கனம் போல அது வாணத்தை நேராகச் செலுத்தும். அளவு மிஞ்சினால் எழும்பவே விடாது. (சிறுவயதில் ஒரு தீபாவளிக்கு, எதிர்வீட்டு அத்தானுக்குச் சேரவேண்டிய கால் ரூபாயை நான் ஒரு வாணத்தின் கழுத்தில் கட்டி அனுப்பினேன், அது இடுப்பளவு உயர்ந்து, ஒரு தடவை யோசித்து, அவர்கள் வீட்டுக் கிணற்றில் இறங்கிவிட்டது. அத்தான் இன்னமும் அந்தக் கடனை ஞாபகப்படுத்துகிறார்.) காற்றின் விஷயமோ இன்னும் விசித்திரமானது. மருந்து எரிந்துகொண்டிருக்கும்போது, வாலில் காற்று மோதுவதால், வாணம் காற்று வரும் திசையை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டு விரையும். எரிந்து தீர்ந்த பிறகு காற்று தள்ளும் திசையில் போகும். விலாசத்தில் எழுதியிருக்கும் ஊரைப் பற்றி இரண்டு அவஸ்தையிலும் அதற்கு அக்கறை கிடையாது.

இவ்வளவையும் மீறி முதன்முதலில் ஒழுங்காகக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஆஸ்திரிய தேசத்து ஃப்ரீட்ரிக் ஷ்மீட்ல். 1931-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி, ஷோக்கெல் என்ற மலையிலிருந்து அடிவாரத்துச் சாங்க்ட் ராடேகுண்ட் கிராமத்துக்கு அவருடைய வாணம் 102 கடிதங்களைக் கொண்டுபோயிற்று. அவர் நிதானஸ்தர், ஆகையால் அவரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல அதிகம் இல்லை.

வேடிக்கைக்கு நாம் கெர்ஹார்ட் ஸூக்கர் என்ற ஜெர்மானியரிடம்தான் போகவேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹாரிஸ் தீவை ஒட்டி, ஸ்கார்ப் என்ற குட்டித் தீவு ஒன்று இருக்கிறது; இடையில் ஓடும் ஜலசந்தி குறுகலானதே எனினும், கடல் கொந்தளித்தால் வைத்தியரையோ கடிதத்தையோ கொண்டுவர வழியில்லை. 1934-ஆம் வருஷத் தொடக்கத்தில் அங்கே ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்க, மூத்தது தீவிலும், இளையது இரண்டு நாள் கழித்து, அவளைப் படகேற்றிக் கொண்டுபோன இடத்திலுமாக, இரண்டு ஊர்களில் ஜனித்தன. ஒரே பிரசவத்தையே இரண்டு தவணையாகப் பட்டுவாடா செய்யவேண்டிய அந்தத் தீவின் கஷ்டம் பத்திரிகைகளில் அடிபட்டது. வாணத்தால் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவிடலாம் என்று வந்து நின்றார் ஸூக்கர். ஜூலை 28-ஆம் தேதி, ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒரு பகுதியை வாணத்தில் அடைத்து, கூடியிருந்தவர்கள் பார்த்திருக்க, மின்பொத்தானை அமுக்கினார். பெருஞ்சத்தம் கேட்டது, புகை கலைந்த பிறகு பார்த்தால், வாணம் புறப்பட்ட இடத்திலேயே பிளந்து கிடக்க, ஓரம் கருகிய உறைகள் கரையெங்கும் பறந்துகொண்டிருந்தன. குற்றம் மருந்துக் குழாயின் மேல் சுமத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து ஹாரிஸ் பக்கத்திலிருந்து மறுபடியும் பரீட்சை நடந்தது. மறுபடியும் அதே சத்தம். அவ்வருஷம் டிசம்பரில், இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து வைட் தீவுக்கு அவர் விட்ட வாணம் வெடிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் காற்றில் திரும்பி, கடலைத் தாண்டாமல், புறப்பட்ட கரையிலேயே ஒரு சதுப்பு நிலத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அதற்குமேல் பிரிட்டிஷார் பொறுக்கவில்லை. அவரை ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவருக்கே திரும்பி வரும் தபால் என்பது இதுதான் போலும்.

இத்தனை பரீட்சைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். தபால் இலாகாக்கள் கொடுக்கவில்லை. அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் கொடுத்தார்கள். வாணத்தில் பிரயாணம் செய்த உறைகளுக்கென்று தனி வில்லைகள் அச்சடித்து விற்றார்கள்; அவற்றை ஒட்டித் தம் பெயருக்கே கடிதம் எழுதி அனுப்ப உலகெங்கும் ரசிகர்கள் இருந்தார்கள். இங்கேதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம் முழுவதும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வேறெந்தத் தபாலிலும் வழியில் கெட்டுப்போன பார்சலுக்கு நஷ்டஈடு கேட்பார்கள்; இதில் கருகின உறையைத்தான் தேடி வாங்கினார்கள். விபத்தில் சிக்கிய தபாலையே சேகரிக்கும் ஒரு ரசிகக் கூட்டம் உண்டு. ஸ்கார்ப் கரையில் பொறுக்கிய உறைகள், கடல் தாண்டிச் சென்றிருந்தால் எவ்வளவு பெறுமோ அதைவிட, தாண்டாமற் போனதனால் கீர்த்தி பெற்றுவிட்டன.

நம் தேசத்திலும் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் மற்ற எல்லோரையும் மிஞ்சினார் என்பதும் பலருக்குத் தெரியாது. ஷில்லாங்கில் 1891-இல் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீஃபன் ஸ்மித், விமானத் தபால் ரசிகர் சங்கத்தின் காரியதரிசி; ஆகாயத்தில் எது பறந்தாலும் அதில் ஒரு கடிதத்தை ஏற்றிவிட வேண்டும் என்ற ஏக்கம் உள்ளவர். 1934-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி, கங்கையின் முகத்துவாரத்தில் ஒரு கப்பலிலிருந்து சாகர் தீவுக்கு அவர் விட்ட முதல் தபால் வாணம் சம்பிரதாயத்தை மீறாமல் நடுவழியில் வெடித்தது. நூற்றுச் சொச்சம் கடிதங்களையும் தேடிப் பொறுக்கவேண்டியிருந்தது. மனிதர் அசரவில்லை. 1944 வரையில் பத்து வருஷங்களில் சுமார் 270 வாணங்களை விட்டார்.

1935-ஆம் வருஷம் சிக்கிம் மகாராஜா தாஷி நம்கியால் அவருக்கு ஆதரவளித்தார். மலைச்சரிவும் வெள்ளமும் பாதைகளைத் துண்டித்துவிடும் அந்த ராஜ்யத்தில், ஓர் ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடிதம் மட்டுமல்லாமல் பார்சலே போயிற்று. உலகத்தில் வாணத்தில் போன அந்த முதல் பார்சலுக்குள் என்ன இருந்தது தெரியுமா? தேயிலை, சர்க்கரை, ஒரு கரண்டி, கைக்குட்டை, பல் துலக்கும் பிரஷ், சிகரெட்டு! வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு கனவானுக்குக் காலைப்பொழுது நடைபெற என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அனுப்பிவிட்டு, வெந்நீரை மட்டும் அவர் பொறுப்பில் விட்டிருக்கிறார் ஸ்மித்.

அதோடு நின்றாரா என்றால் இல்லை. 1935 ஜூன் 29-ஆம் தேதி, ஒரு சேவலையும் ஒரு பெட்டைக் கோழியையும் வாணத்தில் அடைத்துத் தாமோதர் நதியின் குறுக்கே விட்டார். மண்ணில் மோதி நின்ற குழாயைத் திறந்தபோது இரண்டும் உயிரோடு இருந்தன. அவற்றின் மனோநிலையை யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. கல்கத்தாவில் தனவந்தர் ஒருவருடைய சொந்த மிருகக்காட்சிச் சாலைக்கு அவை அன்பளிப்பாக அனுப்பப்பட்டன. குழம்புக்குப் போகவேண்டிய ஜன்மங்கள் ஆகாயம் சென்று திரும்பியதால் ஆயுளைப் பெற்றன.

அமெரிக்கர்கள் 1936 பிப்ரவரியில், உறைந்து கிடந்த கிரீன்வுட் ஏரியின் நியூயார்க் கரையிலிருந்து நியூஜெர்ஸி கரைக்குச் சிறகு வைத்த வாணங்களை விட்டார்கள். அவை பறந்தது கொஞ்சம், பனிக்கட்டியின்மேல் சறுக்கியது அதிகம் என்றாலும், எப்படியோ மாகாண எல்லையைத் தாண்டிவிட்டன. பிறகு 1959 ஜூன் 8-ஆம் தேதி, பார்பெரோ என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ரெகுலஸ் என்ற ஏவுகணையில், வெடிகுண்டு இருக்கவேண்டிய இடத்தில் 3,000 கடிதங்களை வைத்து ஃப்ளோரிடாக் கரைக்கு அனுப்பினார்கள். அது இருபத்திரண்டு நிமிஷத்தில் சொன்ன இடத்தில் இறங்கியது. தபால் மந்திரி ஆர்தர் சம்மர்ஃபீல்ட், மனிதன் சந்திரனை அடைவதற்குள் இந்தியாவுக்குக்கூட ஏவுகணையில் கடிதம் வந்துவிடும் என்று பெருமிதத்தோடு அறிவித்தார். 3,000 கடிதங்களும் அவரே எழுதியவை. கரையில் இறங்கிய பிறகு அவை ஜாக்ஸன்வில் தபாலாபீஸுக்குப் போய், வரிசையில் நின்று, சாதாரணத் தபாலாகவே ஊர்களுக்குச் சென்றன. மந்திரி சொன்ன பிறகு மனிதன் சந்திரனுக்குப் போய்விட்டான். கடிதம் மட்டும் வரவில்லை.

ஸ்மித் 1951-இல் காலமானார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1992-இல் இந்தியத் தபால் இலாகா அவருக்கு ஒரு ஞாபகார்த்தத் தலை வெளியிட்டது. அந்தத் தலையை ஒட்டிய உறைகள் ரயில் வண்டியின் தபால் பெட்டியில் ஏறி, தபால்காரரின் சைக்கிளில் இறங்கி, ஓரம் கருகாமல் வீடு வந்து சேர்ந்தன.